‘டிஎல்எல் காணவில்லை’ என்று கணினி சொன்னால்

ஆய்வகக் கணினியில் ஒரு மென்பொருளைத் திறக்க இருமுறை சொடுக்குகிறோம். மென்பொருளுக்குப் பதிலாகச் சிவப்புப் பெருக்கல் குறியுடன் ஒரு சிறு பெட்டி வருகிறது. ‘விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை, எனவே இயக்கத்தைத் தொடர முடியாது. மென்பொருளை மறுபடி நிறுவினால் சிக்கல் தீரலாம்’ என்பது அதில் ஆங்கிலத்தில் உள்ளதன் பொருள். நம்மில் பலர் அதை முழுவதும் படிப்பதில்லை. ‘ஓகே’ அழுத்திவிட்டு மறுபடி சொடுக்குகிறோம். மறுபடியும் அதே பெட்டி. ‘கணினியில் ஏதோ எரர்’ என்று ஒரு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவிடுகிறோம்.

அதன்பின் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பழுது பார்க்க வருபவர் ‘ஃபார்மேட் பண்ணினால் சரியாகிவிடும்’ என்கிறார். கணினி சரியாகிவிடுகிறது, ஆனால் மூன்றாண்டு வினாத்தாள்கள், மாணவர் ஒளிப்படங்கள், கற்றல் வளங்கள் எல்லாம் அழிந்துபோகின்றன. இல்லாவிட்டால், ஆர்வமுள்ள ஒருவர் அந்தக் கோப்பின் பெயரை இணையத்தில் தேடி, முதலில் வரும் தளத்திலிருந்து பதிவிறக்கிப் போட்டுவிடுகிறார். இது முதலாவதைவிட ஆபத்தானது. ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டுமே தேவையில்லை. அந்தப் பெட்டியில் உள்ள வாக்கியம் நோயின் பெயரையும் சொல்கிறது, மருந்து எங்கே இருக்கிறது என்பதற்கான குறிப்பையும் தருகிறது. படிக்கத் தெரிந்துகொண்டால் பள்ளிக் கணினிகளில் வரும் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றை அரை மணி நேரத்தில், ஒரு ரூபாய் செலவின்றி நாமே சரிசெய்துவிடலாம்.

மடக்கை அட்டவணையும் டிஎல்எல் கோப்பும்

டிஎல்எல் என்பது ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’ என்பதன் சுருக்கம். பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் பகுதிகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பகிர்வு நூலகக் கோப்பு அது. இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் தேர்வறையை நினைத்துக்கொள்ளுங்கள். வினாத்தாளில் கணக்கு இருக்கிறது. அதற்குத் தேவையான மடக்கை அட்டவணை வினாத்தாளில் அச்சிடப்படுவதில்லை. அது தனிப் புத்தகமாக அறையில் இருக்கும், தேவைப்படும் மாணவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார் என்று வினாத்தாள் தயாரித்தவர் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு வினாத்தாளிலும் அட்டவணை முழுவதையும் அச்சிட்டால் காகிதம் வீண். அட்டவணையில் ஒரு பிழை இருந்தால் எல்லா வினாத்தாள்களையும் திருத்த வேண்டியிருக்கும்.

மென்பொருளும் அப்படித்தான். திரையில் சாளரம் வரைவது, கோப்பைத் திறப்பது, வர்க்கமூலம் கண்டுபிடிப்பது போன்ற வேலைகளுக்கான நிரலை ஒவ்வொரு மென்பொருளும் தன்னோடு சுமந்து திரிவதில்லை. ‘அந்த வேலைக்கு இன்ன கோப்பைப் பார்’ என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். 1985-இல் வெளிவந்த முதல் விண்டோஸிலேயே இந்த ஏற்பாடு உண்டு. வட்டில் இடம் மிச்சம், நினைவகமும் மிச்சம். பொதுக் கோப்பில் ஒரு பாதுகாப்புக் குறையைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லா மென்பொருள்களும் ஒரே நேரத்தில் திருந்திவிடும்.

இதன் மறுபக்கம், பொதுவான ஒன்று கெட்டால் பலரும் பாதிக்கப்படுவார்கள் என்பது. விண்டோஸ் 95, 98 காலத்தில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவும்போது, அது கொண்டுவந்த பழைய பதிப்பு டிஎல்எல், கணினியில் ஏற்கெனவே இருந்த புதிய பதிப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். நேற்றுவரை ஓடிய வேறொரு மென்பொருள் இன்று ஓடாது. கணினித் துறையினர் இதை ‘டிஎல்எல் நரகம்’ என்றே அழைத்தார்கள். விண்டோஸ் 2000-இல் இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளைப் பாதுகாக்கும் ஏற்பாடும், 2001-இல் வந்த எக்ஸ்பியில் ஒரே கோப்பின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் ஒழியவில்லை.

ஒரே பெட்டி அல்ல, நான்கு பெட்டிகள்

தேர்வறைக்கே திரும்புவோம். மடக்கை அட்டவணையால் மாணவருக்கு என்னென்ன சிக்கல் வரலாம்? புத்தகமே இல்லாமல் போகலாம். புத்தகம் இருந்தும் பக்கம் கிழிந்திருக்கலாம். நல்ல புத்தகமாகவே இருந்தும், எதிர்மடக்கை சேர்க்கப்படாத பழைய பதிப்பாக இருக்கலாம். அல்லது மாணவருக்குத் தெரியாத மொழியில் இருக்கலாம். கணினி இந்த நான்கையும் நான்கு வெவ்வேறு வாக்கியங்களில் சொல்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் ‘எரர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

‘கிடைக்கவில்லை’ அல்லது ‘இந்தக் கணினியில் இல்லை’ என்றால் முதல் வகை. கோப்பு இருக்க வேண்டிய இடங்களில் தேடிப் பார்த்துக் கணினி கைவிரித்துவிட்டது. அந்த மென்பொருள் நிறுவப்பட்டபோதே அதற்குரிய தொகுப்பு நிறுவப்படாமல் விடுபட்டிருக்கலாம். வேறொரு மென்பொருளை நீக்கும்போது யாராவது அதையும் சேர்த்து நீக்கியிருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைத் தனிமைப்படுத்தியிருக்கலாம்.

‘பேட் இமேஜ்’ என்ற தலைப்போடு, ‘இந்தக் கோப்பு விண்டோஸில் இயங்கும்படி அமைக்கப்படவில்லை அல்லது இதில் பிழை உள்ளது’ என்று வந்தால் இரண்டாம் வகை. கோப்பு இருக்கிறது, ஆனால் சிதைந்திருக்கிறது. பள்ளிகளில் இதற்கு முதன்மையான காரணம் மின்சாரம் என்பது என் அனுபவம். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மாலை மணி அடிக்கிறது. ‘கணினியை அணைக்க வேண்டாம்’ என்று திரையில் ஓடிக்கொண்டிருக்க, நாம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். பாதி எழுதப்பட்ட கோப்பு அப்படியே நிற்கிறது. யுபிஎஸ் மின்கலம் செயலிழந்த ஆய்வகங்களில் மின்வெட்டு இதே வேலையைச் செய்கிறது. அடிக்கடி, வெவ்வேறு கோப்புகள் சிதைவதாகச் செய்தி வந்தால் வன்தட்டே தேய்ந்துவருகிறது என்று பொருள். அப்போது முதல் வேலை முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைப்பது, மற்றதெல்லாம் பிறகு.

மூன்றாம் வகைச் செய்தி நீளமானது, புரியாத ஒரு பெயர் நடுவில் வரும். ‘இன்ன செயல்முறையின் நுழைவிடத்தை இன்ன டிஎல்எல்-இல் கண்டறிய முடியவில்லை’ என்று சொல்லும். எதிர்மடக்கைப் பக்கம் இல்லாத பழைய புத்தகம் இதுதான். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகளில் புதிய மென்பொருள்களைத் திறந்தால், ‘கெட்சிஸ்டம்டைம்பிரிசைஸ்அஸ்ஃபைல்டைம்’ என்ற வாயில் நுழையாத ஒன்றைக் கெர்னல்32.டிஎல்எல்-இல் காணோம் என்று வரும். நேரத்தை மிகத் துல்லியமாகச் சொல்லும் அந்தச் செயல்முறை விண்டோஸ் 8-இல்தான் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 7-இல் அது இருக்கவே இருக்காது. கெர்னல்32 கோப்பு முழு நலத்தோடு இருக்கிறது. அதை மாற்ற முயல்வது இயங்குதளத்தையே முடக்கிவிடும். அந்தக் கணினிக்கு ஏற்ற பழைய பதிப்பு மென்பொருளைத் தேடுவதே வழி. எடுத்துக்காட்டாக, விண்டோஸ் 7-ஐ ஆதரிக்கும் கடைசிப் பைத்தான் 3.8. 3.9 முதல் அதில் ஓடாது.

நான்காம் வகையில் கோப்பின் பெயரே வராது. ‘0எக்ஸ்சி000007பி’ என்ற எண் மட்டும் வரும். 32 பிட் மென்பொருளுக்கு 64 பிட் டிஎல்எல் அல்லது 64 பிட் மென்பொருளுக்கு 32 பிட் டிஎல்எல் கிடைத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் இதன் பொருள். இந்தக் குழப்பத்தை விண்டோஸே ஊட்டி வளர்க்கிறது. 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பதோ ‘சிஸ்வாவ்64’ என்ற கோப்புறையில். பழைய மென்பொருள்கள் கெடக்கூடாது என்பதற்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். பெயரை நம்பிக் கோப்பைப் போட்டவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

எனவே முதல் விதி: ‘ஓகே’ அழுத்துவதற்கு முன் கைப்பேசியில் அந்தப் பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளைத் திறந்தபோது வந்தது, அதற்கு முன் கணினியில் என்ன மாற்றம் நடந்தது என்பதையும் ஆய்வகப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள். பழுது பார்ப்பவரை அழைக்க நேர்ந்தாலும் ‘ஏதோ எரர் சார்’ என்பதற்கும் இந்தப் படத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

கோப்பு யாருடையது?

அடுத்த கேள்வி, காணாமல் போன கோப்பு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது. தனி டிஎல்எல் கோப்பைத் தேடக்கூடாது. அது எந்தத் தொகுப்போடு வந்ததோ அந்தத் தொகுப்பை மறுபடி நிறுவ வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரின் தொடக்க எழுத்துகளே குடும்பத்தைச் சொல்லிவிடும். எம்எஸ்விசிஆர், எம்எஸ்விசிபி, விசிரன்டைம் என்று தொடங்குபவை மைக்ரோசாஃப்ட் விசுவல் சி++ குடும்பம். பின்னால் வரும் எண், ஆண்டைக் காட்டும். 100 என்றால் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. 140 என்றால் 2015-இல் தொடங்கி 2017, 2019, 2022 வரை ஒரே தொகுப்பாகச் சேர்த்துத் தரப்படுகிறது. ‘விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தத் தளத்தில் இவற்றை இலவசமாகவே தருகிறது. எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு இருக்கும். 64 பிட் கணினியிலும் 32 பிட் மென்பொருள்கள் ஓடும் என்பதால் அங்கே இரண்டையும் நிறுவுங்கள். 32 பிட் கணினியில் எக்ஸ்86 மட்டும் போதும். பழைய ஆண்டுப் பதிப்பு ஏற்கெனவே இருந்தால் அதை நீக்க வேண்டாம். 2010 பதிப்பைத் தேடும் மென்பொருளுக்கு 2022 பதிப்பு உதவாது. கண்ட்ரோல் பேனலில் விசுவல் சி++ என்ற பெயர் ஆறேழு முறை வரிசையாக நிற்பதைக் கண்டு, ‘எதற்கு இத்தனை?’ என்று சுத்தம் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தச் சுத்தத்தால்தான் பல மென்பொருள்கள் நின்றுபோகின்றன.

எண்ணுக்குப் பின் ‘டி’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால், விசிரன்டைம்140டி என்பது போல வந்தால், கதை வேறு. அது நிரல் எழுதுவோர் சோதனைக்குப் பயன்படுத்தும் பதிப்பு. மேற்கண்ட தொகுப்பில் அது இராது. மென்பொருளை உருவாக்கியவர் சோதனைப் பதிப்பையே நமக்குக் கொடுத்துவிட்டார் என்று பொருள்; அவரிடம்தான் சரியான பதிப்பைக் கேட்க வேண்டும்.

‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி’ என்று தொடங்கும் நீண்ட பெயர் வந்தால் அது யுனிவர்சல் சி ரன்டைம் குடும்பம். விண்டோஸ் 10-இல் இது உடன்பிறந்தது. விண்டோஸ் 7-இல் கேபி2999226 என்ற எண்ணுள்ள புதுப்பிப்பின் மூலம் வரும். அதை நிறுவ, சர்வீஸ் பேக் 1 முன்னதாக இருக்க வேண்டும். ‘டி3டிஎக்ஸ்9’ என்று தொடங்கினால் முப்பரிமாணப் படங்களுக்கான டைரக்ட்எக்ஸ் தொகுப்பின் பழைய பகுதி. அதுவும் மைக்ரோசாஃப்டிடமே கிடைக்கும்.

இவை எதிலும் சேராத பெயர் என்றால் பெரும்பாலும் அது அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பு. மென்பொருளை நீக்கிவிட்டு, அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து எடுத்து மறுபடி நிறுவுவதே போதும். நிறுவிய சில நாளில் மறுபடி காணாமல் போனால், வைரஸ் தடுப்பு மென்பொருளின் தனிமைப் பட்டியலைப் பாருங்கள். அங்கே இருந்தால், அவசரப்பட்டு விடுவிக்க வேண்டாம். கடையில் ‘கிராக்’ செய்து போட்டுக் கொடுத்த மென்பொருளாக இருந்தால், தடுப்பு மென்பொருள் தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. பூட்டை உடைக்க மாற்றப்படும் கோப்பு பெரும்பாலும் ஒரு டிஎல்எல்தான். நம் தேவைக்கு லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப், ஜிம்ப் என இலவசமாகவே நல்ல மென்பொருள்கள் இருக்கும்போது அரசுப் பள்ளிக் கணினியில் திருட்டுப் பிரதி எதற்கு?

12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பைத்தானில் மேட்பிளாட்லிப் தொகுப்பைப் பயன்படுத்தும்போது ‘டிஎல்எல் லோடு ஃபெயில்டு’ என்று வந்து, எஃப்டி2ஃபான்ட் என்ற பெயரும் தென்பட்டால், மாணவர் எழுதிய நிரலில் பிழை தேடாதீர்கள். எஃப்டி2ஃபான்ட் அங்கேயே இருக்கும். அது சார்ந்திருக்கும் மற்றொரு கோப்புதான் இராது. முதலில் மேற்சொன்ன 140 வரிசைத் தொகுப்பை நிறுவிப் பாருங்கள்.

விண்டோஸின் சொந்தக் கோப்பு கெட்டிருந்தால்

இதற்கு விண்டோஸிலேயே ஒரு தணிக்கை அதிகாரி உண்டு. தொடக்கப் பட்டியலில் ‘கமாண்ட் பிராம்ட்’ என்று தேடி, வலச் சொடுக்கி, நிர்வாகி உரிமையுடன் திறந்துகொள்ளுங்கள். எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதையொட்டி ‘ஸ்கேன்நவ்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் தன் கோப்புகள் ஒவ்வொன்றையும் சோதித்து, சிதைந்தவற்றுக்குப் பதிலாகத் தன் சேமிப்பிலிருந்து நல்ல பிரதியை வைக்கும். பழைய கணினிகளில் நேரம் எடுக்கும். ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். சிதைவு எதுவும் இல்லை, சிதைவு இருந்தது சரிசெய்தேன், சிதைவு உள்ளது சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று மூன்றில் ஒரு முடிவைச் சொல்லும். மூன்றாவது வந்தால் அந்தச் சேமிப்பே பழுதாகியிருக்கலாம். விண்டோஸ் 8-க்குப் பிந்தைய பதிப்புகளில் ‘டிஐஎஸ்எம்’ என்ற கட்டளை இணையத்தின் வழியே அந்தச் சேமிப்பைச் செப்பனிடும். அதன்பின் முதல் கட்டளையை மறுபடி இயக்க வேண்டும்.

இந்தக் கட்டளை சர்வரோக நிவாரணி அல்ல. விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே அது கவனிக்கும். வெளியிலிருந்து வந்த மென்பொருளின் கோப்பு இல்லாவிட்டால் ‘எல்லாம் நலம்’ என்றே சொல்லும். ‘ரெக்எஸ்விஆர்32’ என்ற மற்றொரு கட்டளையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது ஒரு குறிப்பிட்ட வகை டிஎல்எல்-களைப் பதிவு செய்வதற்கானது. விசிரன்டைம் போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தினால் இன்னொரு பிழைச் செய்திதான் மிஞ்சும்.

பதிவிறக்கத் தளங்கள் ஏன் வேண்டாம்?

டிஎல்எல் என்பது படமோ பாட்டோ போன்ற வெறும் தரவு அல்ல, இயங்கும் நிரல். எந்த மென்பொருள் அதை அழைக்கிறதோ அந்த மென்பொருளுக்கு உள்ள எல்லா உரிமைகளோடும் அது இயங்கும். யாரென்று தெரியாதவர் தந்த டிஎல்எல்-ஐக் கணினியில் வைப்பது, யாரென்று தெரியாதவரிடம் அலுவலக அறைச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். எமிஸ் தளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதே கணினியின் உலாவியில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் பள்ளிகள் எத்தனை! ஒவ்வொரு மாணவரின் பிறந்த தேதி, முகவரி, பெற்றோர் கைப்பேசி எண் அதன் பின்னால் இருக்கிறது.

பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு டிஎல்எல்-ஐத் தாம் இருக்கும் கோப்புறையில்தான் முதலில் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் விண்டோஸின் கோப்புறைக்குப் போகும். ஆகவே கெட்ட கோப்பு ஒன்றை மென்பொருளின் அருகில் வைத்துவிட்டால், விண்டோஸிடம் நல்ல பிரதி இருந்தும் பயனில்லாமல் போகலாம். தீங்கு செய்வோர் இந்த வரிசையை நன்றாக அறிவார்கள்.

பதிவிறக்கிய கோப்பு தீங்கற்றதாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. பதிப்பு பொருந்தாது, அல்லது பிட் பொருந்தாது. அந்த டிஎல்எல் வேறொரு டிஎல்எல்-ஐத் தேடும், அது மற்றொன்றைத் தேடும். ஒவ்வொன்றாகப் பதிவிறக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தொகுப்பாக நிறுவினால் இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியபடி வந்துவிடும்.

ஒரு சிறு சோதனை, தெரிந்துகொள்வதற்காக மட்டும்: ஏதேனும் ஒரு டிஎல்எல்-இன் நகலை நோட்பேடில் திறந்தால் புரியாத குறியீடுகளுக்கு முன்னால், முதல் இரண்டு எழுத்துகள் ‘எம்இசட்’ என்று இருக்கும். இந்த வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸிபிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. கோப்பு வெறுமையாக இருந்தாலோ வேறு எழுத்துகளில் தொடங்கினாலோ அது சிதைந்தது என்று உறுதி. எம்இசட் என்று தொடங்கினால் நல்ல கோப்பு என்று உறுதி கிடையாது.

லினக்ஸ் கணினிகளில்

சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ள கணினிகளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே இந்தக் கோப்புகளின் பெயர் ‘.எஸ்ஓ’ என்று முடியும். பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி பெரும்பாலும் முனையத்தில்தான் தெரியும். படச்சின்னத்தைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். எனவே மென்பொருளை முனையத்திலிருந்து இயக்கிப் பாருங்கள். ‘எல்டிடி’ என்ற கட்டளை, நாம் நம்பும் ஒரு மென்பொருளுக்கு எந்தெந்த நூலகங்கள் தேவை, எது கிடைக்கவில்லை என்று பட்டியலிட்டுவிடும். பாஸ், டெபியன் வழி வந்தது என்பதால் விடுபட்ட தொகுப்பை ‘ஏபிடி’ மூலம் நிறுவலாம். எந்தத் தொகுப்போடு எது வர வேண்டும் என்ற கணக்கை அதுவே வைத்திருப்பதால், விண்டோஸைவிட இங்கே வேலை எளிது.

வகுப்பறையில் செய்து பார்க்க

11-ஆம் வகுப்பில் சி++ நடத்துபவர்கள் இதை நேரடியாகவே காட்டலாம். மின்ஜிடபிள்யூ உள்ள கணினியில் மாணவர் ஒருவர் சிறு நிரல் எழுதித் தொகுக்கட்டும். அங்கே ஓடும். உருவான இஎக்ஸ்இ கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்து, மின்ஜிடபிள்யூ நிறுவப்படாத மற்றொரு கணினியில் இயக்கினால், பொதுவாக ‘லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் இல்லை’ என்று வரும். முதல் கணினியின் மின்ஜிடபிள்யூ ‘பின்’ கோப்புறையில் அந்தக் கோப்பு இருக்கிறது. அதை இஎக்ஸ்இ-யின் அருகில் வைத்தால், ‘லிப்ஜிசிசி’ என்று தொடங்கும் அடுத்த கோப்பின் பெயரைக் கேட்கும். அதையும் வைத்த பிறகு மூன்றாவதாக ஒன்றையும் கேட்கலாம். எல்லாம் வந்ததும் நிரல் ஓடும். ஒரு கோப்பு இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இப்படிப் பார்க்கும்போது மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பிறகு அதே நிரலை, தொகுக்கும் கட்டளையின் இறுதியில் ஒரு சிறு கோடும் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லும் சேர்த்து மறுபடி தொகுக்கச் சொல்லுங்கள். இப்போது இஎக்ஸ்இ எந்த டிஎல்எல்-ஐயும் அருகில் வைக்காமலே மற்றக் கணினியில் ஓடும். மடக்கை அட்டவணையை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிட்டோம். இரண்டு இஎக்ஸ்இ கோப்புகளையும் வலச் சொடுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் அவற்றின் அளவைப் பார்த்துக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, முதலாவதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.